11 வருடம் பாடம் எடுத்தது கணக்கில் வராதா?

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 11 வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன், பி.எட். இல்லை. போன மாதம் தொலைநிலையில் பி.எட். சேரலாம் என்று ஒரு படிப்பு மையத்துக்குப் போனேன். மார்க் ஷீட் சரி, பணிச் சான்றிதழ் சரி என்று ஒவ்வொன்றாகப் புரட்டியவர், "டி.டி.எட். சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார். அந்தத் தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் என்னிடம் இல்லை என்றதும் ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் 2014 விதிமுறைகள் தொலைநிலை பி.எட்.டை இரண்டு பேருக்குத்தான் அனுமதிக்கின்றன. ஒருவர், ஏற்கெனவே பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கக் கல்வி ஆசிரியர். இன்னொருவர், ஏதாவது ஓர் ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர். பயிற்சி கேட்டு வந்தவளிடம், முதலில் பயிற்சி முடித்துவிட்டு வா என்றால் நான் எங்கே போவது?

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வருடமும் பி.எட். மாணவிகள் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறார்கள். கணக்கு மாணவிகளை என் வகுப்பில்தான் விடுவார்கள். முதல் நாள் கை நடுங்கச் சாக்பீஸ் பிடிக்கும் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன். வகுப்பு முடிந்ததும், காரணிப்படுத்தலை எங்கே அவசரமாகத் தாண்டினாய், எந்தப் பையனுக்குப் புரியவில்லை என்று சொல்லித் தருவேன். பாடக் குறிப்பேட்டையும் நான்தான் திருத்துவேன். ஆனால் அதில் கையெழுத்துப் போடுவது பி.எட். முடித்த வேறொரு டீச்சர். போன வருடம் ஒரு மாணவி, "நீங்க ஏன் மிஸ் போட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். பக்கத்து அறையைக் காட்டி அனுப்பி வைத்தேன். அவள் இப்போது பி.எட். பட்டதாரி.

நேரடி வகுப்பில் சேரலாமே என்பீர்கள். இரண்டு வருடம், வருடத்துக்கு 200 வேலை நாள், 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். வேலையை விட்டால்தான் முடியும். வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வழியில்லை. பி.எட். இல்லாததால் சம்பளம் ஏறுவதில்லை, சம்பளம் போதாததால் பி.எட். படிக்க முடிவதில்லை.

இந்த நெருக்கடி தெரிந்துதான் ஏஜென்ட்டுகள் போன் செய்கிறார்கள். "காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்." எனக்கும் வந்தது. மறுத்துவிட்டேன். வராத நாளெல்லாம் வந்ததாகக் கணக்குக் காட்டிவிட்டு, என் பிள்ளைகளுக்கு நான் எந்த முகத்தோடு அட்டெண்டன்ஸ் எடுப்பேன்? நேர்மையாகப் படிக்க நினைப்பவளுக்குக் கதவைச் சாத்திவிட்டு, இப்படி ஒரு கொல்லைப்புற வழி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, இது எந்த வகையில் ஆசிரியர் கல்வியின் தரத்தைக் காப்பாற்றும்? ஓராண்டுப் படிப்பை இரண்டாண்டாக்கினீர்கள், பட்டப்படிப்பையும் பி.எட்.டையும் சேர்த்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பையும் கொண்டுவந்தீர்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அது நல்ல வழிதான். 37 வயதில் வகுப்பறையில் நிற்பவளுக்கு என்ன வழி?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஐந்து வருடமாவது பாடம் எடுத்த பட்டதாரிகளைத் தொலைநிலை பி.எட்.டில் சேர அனுமதியுங்கள். நுழைவுத் தேர்வு வையுங்கள், எழுதுகிறோம். விடுமுறையில் நேரடி வகுப்பு என்றால் வருகிறோம். எங்கள் வகுப்புக்கே வந்து உட்கார்ந்து பாருங்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. 2017-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெறாமல் பணியில் இருந்தவர்களுக்கு 2019 மார்ச் 31 வரை அவகாசம் தந்தார்கள். தனியார் பள்ளி ஆசிரியர்களும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகத் தொலைநிலையில் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தார்கள். அது எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு மட்டும் என்பதால் எங்களுக்குப் பயன்படவில்லை. அப்புறம் அந்தப் பட்டயம் செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி அலையவிடாமல், விதியிலேயே தெளிவாக எழுதி எங்களைச் சேர அனுமதியுங்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் பயிற்சி மாணவிகள் வருகிறார்கள். என் வகுப்பில் இரண்டு பேர் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பணிவுடன்,
ஒரு கணக்கு டீச்சர்