இரண்டு பேர் சாப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'முடிச்சு தெரிந்துவிட்ட படத்தை மறுபடி பார்ப்பதில் என்ன இருக்கிறது?' என்று சென்ற இதழ்க் கட்டுரையில் கேட்டிருந்தார்கள். என் பதில், 2019-இல் வந்த கொரியப் படமான 'பாரசைட்'. இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுங்கள், ரகசியத்தைப் போட்டு உடைக்கப்போகிறேன்.

வீட்டு வேலைக்காரம்மாவை நிறுத்திய பிறகு முதலாளி பார்க் காரில் போகும்போது டிரைவரிடம் சொல்வார்: நன்றாகத்தான் வேலை பார்த்தார், ஒரே குறை, எப்போதும் இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுவார். முதல் தடவை பார்க்கும்போது 'இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு சோற்றையா எண்ணுவது!' என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். அந்த அம்மா தன் கணவனை வருடக்கணக்காக அதே வீட்டு நிலவறையில் ஒளித்து வைத்திருந்தது தெரிந்தபின் கேட்டால், பார்க் போட்ட கணக்கில் பிசகே இல்லை.

மாடிப்படி விளக்கும் அப்படித்தான். பார்க் படியேற ஏற விளக்குகள் எரியும். சென்சார் வைத்த வீடு போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம். கீழே நிலவறையில் அந்தக் கணவன் நெற்றியால் சுவிட்சை முட்டி முட்டி எரிய வைக்கிறான் என்பது எவ்வளவோ நேரம் கழித்துத்தான் தெரியும். அப்புறம், பார்க்கின் சின்னப் பையன் வரைந்த விகாரமான முகம். அதைப் பார்த்து அம்மாக்காரி பூரித்துப்போகிறாள். பையன் ஒருநாள் இருட்டில் 'பேய்' என்று பயந்தது நிலவறைக் கணவனைப் பார்த்துத்தான்; வரைந்ததும் அந்த முகத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது.

இவை எதுவும் 'என்னைக் கவனி' என்று கையைத் தூக்குவதில்லை. ஒன்று சிரிக்க வைக்கிறது, இன்னொன்று வீட்டின் பவிசைக் காட்டுகிறது. காட்சியில் தனக்கென்று ஒரு வேலை இல்லாத குறிப்பை நான் கெட்டிக்காரத்தனம் என்றுகூடச் சொல்லமாட்டேன்.

யூடியூபில் சிலர் பூச்சாடி, திரைச்சீலை எல்லாவற்றுக்கும் குறியீடு கண்டுபிடிக்கிறார்கள். இயக்குநர் பாங் ஜூன்-ஹோ அவர்களை முன்னாலேயே கேலி செய்துவிட்டார். பொய் சொல்லிக் குடும்பத்தோடு பார்க் வீட்டில் வேலைக்குச் சேரும் ஏழைப் பையன் கி-வூ. நண்பன் ஒரு பெரிய அதிர்ஷ்டப் பாறைக்கல்லைக் கொடுத்ததும் அவனே 'இது குறியீடு மாதிரி இருக்கே' என்று வியப்பான். செல்வம் வரும் என்று கட்டிக்கொண்டு திரிந்த அந்தக் கல்லாலேயே கடைசியில் அவன் மண்டை உடைகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி