யூரியா மூடைக்குள் இருக்கும் டீசல்

ஆசிரியருக்கு,

இரசாயனப் பசளை போடாத சேதன விவசாயத்துக்கு எரிசக்திச் செலவே இல்லை என்கிற தொனியில் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். பாதி சரி. மற்றப் பாதிக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரைப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றிலுள்ள நைதரசனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவின் துணையோடு பிடித்துத்தான் யூரியா செய்கிறார்கள். ஒரு கிலோ நைதரசனுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் டீசலுக்குச் சமமான எரிசக்தி போகிறது. 50 கிலோ மூடையில் நைதரசன் 23 கிலோ. கணக்குப் பார்த்தால் மூடைக்கு 30 லீற்றருக்கு மேல். எங்கள் போரதீவுப்பற்றில் நவகிரிக்குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் தானாகவே வருகிறது, பம்பு வேண்டாம். ஏக்கருக்கு 2 மூடை எறிகிறவருக்கு, உழவுக்கும் வெட்டு மிசினுக்கும் ஊற்றுகிற டீசலை விடப் பசளைக்குள் ஒளிந்திருப்பதுதான் கூட.

சுவிற்சர்லாந்தில் 1978இல் தொடங்கிய நீண்டகாலப் பரிசோதனையின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. சேதன முறையில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு. பசளையும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு. ஏக்கருக்கு என்று பாராமல் விளைந்த கிலோவுக்கு என்று பார்த்தாலும் சேதனம்தான் வெல்கிறது. ஆனால் அது மாடும் பயிரும் ஒன்றாக இருக்கிற பண்ணை முறையை வைத்துச் செய்தது. இங்கே மாடு ஓரிடம், வயல் ஓரிடம்.

கூட்டெருவில் நைதரசன் 1 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக 2 தொன்னுக்கு மேல் ஏற்றி இறக்க வேண்டும், அதிலும் எல்லாம் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. தூரத்திலிருந்து உழவு மிசின் பெட்டியில் கொண்டுவந்தால் மிச்சம் பிடித்த டீசல் வழியிலேயே போய்விடும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே அடியாக நிறுத்திவிட்டுச் சேதனப் பசளையைச் சீனாவிலிருந்து கப்பலில் இறக்கப் பார்த்தோமே, அதற்கு என்ன கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டீசல் இல்லாமல் எருவைக் கொண்டுவர ஒரு வழி உண்டு: மாடே நடந்து வரட்டும். பெரும்போக வெட்டு முடிந்த வயலில் இரவில் மாட்டுப் பட்டியை அடைத்து, இரண்டொரு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கட்டினால் சாணமும் சலமும் அந்த மண்ணிலேயே விழும். பழைய ஆட்கள் செய்ததுதான். இப்போதும் மாடுகள் அறுத்த வயலுக்கு மேய வருகின்றன, ஆனால் எந்த வட்டையில் (வயல்வெளியில்) எத்தனை நாள் என்று ஒழுங்கு இல்லை. பட்டிக்காரருக்கும் வயல்காரருக்கும் சண்டைதான் மிச்சம்.

அதற்குள் வைக்கலையும் கொளுத்தி விடுகிறோம். மிசின் வரிசையாகக் கக்கிவிட்டுப் போன வைக்கலுக்கு ஒரு தீக்குச்சி, பின்னேரம் வட்டை முழுக்கப் புகை. ஒரு தொன் வைக்கலில் 5, 6 கிலோ நைதரசன் இருக்கிறது. அது அநேகமாக முழுதும் காற்றோடு போகிறது. நெல்லும் வைக்கலும் ஏறக்குறைய ஒரே நிறை என்பதால் ஏக்கருக்கு எவ்வளவு என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம். சிறுபோகத்துக்கு இடையில் நாள் போதாது என்பார்கள், அது உண்மையும்தான். ஆனால் ஒரு போகம் மட்டும் செய்கிற மானாவாரி வயலிலும் அல்லவா கொளுத்துகிறோம்!

யூரியாவை முழுதாக விடச் சொல்லவில்லை. 2 மூடை ஒன்றரையாகட்டும், பிறகு ஒன்றாகட்டும்.

ஒவ்வொரு போக ஆரம்பக் கூட்டத்திலும் மாடுகளை வயலை விட்டு அப்புறப்படுத்தும் கடைசித் திகதியைத் தீர்மானிக்கிறார்கள். அதே கூட்டத்தில், வெட்டு முடிந்த பிறகு எந்தப் பட்டி எந்த வட்டைக்கு வருவது, எத்தனை இரவு தங்குவது, பட்டிக்காரருக்கு ஏக்கருக்கு என்ன கொடுப்பது என்பதையும் எழுதிவைக்கட்டும். கமநல சேவை நிலையங்கள் மனது வைத்தால் வரும் பெரும்போகத்திலேயே தொடங்கலாம்.

விவசாயி ஒருவர்,
வெல்லாவெளி.