ஒரே பெயரில் மூன்று காய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பன்றி வளர்ப்புக் கட்டுரையில், பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டால் கவலை இல்லை என்று ஒரு வரி வந்திருந்தது. மியான்மரின் பெகு நகரில் தீவனக் கடை வைத்திருப்பவன் நான். அதை நம்பி யாரும் பட்டியைத் திறந்துபோட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

தமிழில் இந்தப் பெயரை மூன்று நோய்களுக்கு வைத்திருக்கிறோம். 2009இல் மனிதருக்குப் பரவியதே, அதுவும் பன்றிக் காய்ச்சல்தான். அதை விடுங்கள். பன்றியைக் கொல்லும் மற்ற இரண்டில்தான் குழப்பம். பழைய காய்ச்சல் ஒன்று, ஆப்பிரிக்கக் காய்ச்சல் ஒன்று. இரண்டிலும் உடம்பு கொதிக்கும், தீனி எடுக்காது, காது சிவந்து நீலம் பாரிக்கும். ரத்தத்தைச் சோதிக்காமல் எது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வைரஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நம் ஆட்கள் போடும் ஊசி பழையதற்கானது. நல்ல ஊசி, ஒரு வாரத்துக்குள் பாதுகாப்பு வந்துவிடும். ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருள் அந்த வைரஸை மடக்கிவிடும்.

ஆப்பிரிக்கக் காய்ச்சலின் சூழ்ச்சி வேறு. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே குட்டி போடுகிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் குடியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? 150க்கும் மேற்பட்ட புரதங்களை அது செய்துகொள்கிறது. அவற்றில் பல, உடம்பின் எதிர்ப்பை மழுங்கடிக்கவே. எதிர்ப்புப் பொருள் இதற்கும் ஊறத்தான் செய்கிறது, ஆனால் வைரஸை முழுதாக மடக்க அதனால் ஆவதில்லை. பெரும்பாலும் அது ஊறி வருவதற்குள் பன்றி செத்திருக்கும். நோய் பிடித்த அணுவையே தேடிக் கொல்லும் டி அணுக்களும் சேர்ந்தால்தான் பிழைப்பு. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்ப்புச் சக்தி பெற்ற பன்றிகளிடமிருந்து அந்த அணுக்களை நீக்கிப் பார்த்தார்கள். பாதுகாப்பும் கூடவே போய்விட்டது. ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி மட்டும் இதே வைரஸைச் சுமந்துகொண்டு சொகுசாகத் திரிகிறது!

இதற்கு ஊசி செய்வது அதனால்தான் இவ்வளவு இழுத்தது. 1960களில் போர்ச்சுகலில் அவசரமாகப் போட்ட ஊசியே பன்றிகளுக்கு நாள்பட்ட நோயைக் கொடுத்தது. வியட்நாம் 2022இல் ஒன்றை அனுமதித்து, பன்றிகள் செத்ததால் நிறுத்தி, 2023இல் மறுபடி அனுமதித்தது.

நம் நாட்டில் இது உறுதியானது 2019 ஆகஸ்டில், ஷான் மாநிலத்தில். அதன் பிறகு “ஊசி போட்டேனே அண்ணே, எப்படிச் செத்தது?” என்று கடைக்கு வந்து நின்றவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் போட்டிருந்தது வேறு காய்ச்சலுக்கான ஊசி. டீக்கடை, சோற்றுக்கடை மிச்சத்தை அரை மணி நேரம் கொதிக்க வைக்காமல் பன்றிக்கு ஊற்றுவதும் பல இடங்களில் நடக்கிறது. அந்த மிச்சத்தில் நோய்ப் பன்றியின் ஒரு துண்டு கறி கிடந்தாலே போதும், காய்ச்சல் தொற்றிவிடும்.

இனி இந்த நோயைப் பற்றி எழுதும்போது ‘ஆப்பிரிக்க’ என்ற சொல்லை விடாமல் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தில் வேறு எதையாவது வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தீவனக் கடைக்காரன்,
பெகு