கடுவன் பூனை முக்கினால் மலச்சிக்கல் என்று இருந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வருவது வைரஸால்தான், தடுப்பூசி போட்டால் வராது என்று தங்கள் செல்லப்பிராணிகள் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. ஊசிதான் போட்டாயிற்றே என்று யாரும் காத்திருந்துவிடக் கூடாது.

வைரஸ் பேச்சு வெறும் வதந்தி அல்ல. 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அடைப்பு வந்த பூனைகளிடமிருந்து ஹெர்பிஸ் வகை வைரஸையும், பூனைச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் காலிசி வைரஸையும் பிரித்தெடுத்தார்கள். ஆனால் நலமாகத் திரியும் பூனைகளும் காலிசியைச் சுமக்கின்றன. அடைப்புக்கு அதுதான் காரணம் என்று இன்றும் நிலைநாட்டப்படவில்லை. மூன்று நோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு 6–8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3–4 வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் போடுங்கள். அது பான்லுகோபீனியா என்னும் கொடிய வைரஸ் நோய்க்கும் சளிக்காய்ச்சலுக்கும்தான். மூத்திரப்பைக்குக் காப்பு அல்ல.

கடுவனின் மூத்திரக்குழாய் நுனிப் பக்கம் மிகக் குறுகல். ஸ்ட்ரூவைட் என்னும் மூத்திர உப்புப் படிகமும் சளி போன்ற கசடும் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். பூனை மணல் தட்டில் போய்ப்போய் உட்கார்ந்து முக்கும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும், சொட்டு வராது. இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவோர் ஏராளம். ஒரு நாள் தாண்டினாலே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கும். இதயத் துடிப்பு தளரும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அமுக்காதீர்கள், மூத்திரப்பை கிழியலாம். பாராசிட்டமால் கூடவே கூடாது. அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை, 500 மி.கி. மாத்திரை ஒன்றே கொன்றுவிடும்.

உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கிளம்புமுன் அங்கே போன் செய்து, பூனைக்கான 3.5 பிரெஞ்சு அளவு கதீட்டரும் (மூத்திரம் வெளியேற்ற உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) மயக்க மருந்து கொடுக்கும் வசதியும் உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத இடத்துக்கு அலைந்தால் நேரம்தான் போகும். பொட்டாசியம் மிகுந்து துடிப்பு தடுமாறினால், முதலில் இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி, பிறகுதான் மயக்கம். கதீட்டர் பொதுவாக ஓரிரு நாள் உள்ளேயே இருக்கும். அடைப்பு நீங்கியதும் பல பூனைகளுக்கு மூத்திரம் அளவுக்கு மீறிப் போகும். அதற்கு ஈடாக ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். மூத்திரம் வந்துவிட்டது, வீட்டுக்குப் போகிறோம் என்று அன்றைக்கே அவசரப்படுகிறவர்கள் பலர், மறுபடி அடைப்போடு திரும்பி வருகிறார்கள்.

இளம் பூனைகளில் பாக்டீரியா தொற்று அரிது. மூத்திரத்தைப் பரிசோதிக்காமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது பெரும்பாலும் வீண். தண்ணீர்தான் முக்கியம். 4 கிலோ பூனைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மி.லி. வேண்டும். உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம் அளவுதான், ஈர உணவில் 75க்கு மேல். ஸ்ட்ரூவைட் கல் அதற்கான உணவிலேயே கரையும். இன்னொரு வகையான கால்சியம் ஆக்ஸலேட் கல் கரையாது. ஆகவே எடுத்த கல்லைத் தூக்கி எறியாமல் ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறு பிராணிகள் சிகிச்சையில் உள்ள கால்நடை மருத்துவர்கள், சென்னை