பரங்கிமலைப் பட்டாள வரலாற்றைத் தொகுக்கத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பரங்கிமலை, பல்லாவரம் கண்டோன்மென்ட் (படைக் குடியிருப்பு) பகுதியின் வரலாற்றைத் தொகுக்கும் பணி முடிந்து, கையெழுத்துப்படி அச்சகத்திற்குச் சென்றுவிட்டது. அதற்குத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் பலரும் அறிய நன்றி தெரிவிப்பது என் கடமை. தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயிலில் நாள்தோறும் சென்றுவருவோர் பார்த்தும் பாராமலும் கடக்கும் அந்தப் பட்டாள மதிலுக்குள் நடந்தவற்றையும், மதிலுக்கு வெளியே அதை நம்பி வாழ்ந்தவர்களையும் ஒரே நூலில் எழுத முடிந்தது உங்களால்தான்.

முதல் நன்றி எழும்பூர் ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அவரைத் தாக்கித் தொல்லை கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனித் தரப்புப் படை பரங்கிமலை அருகே போரிட்டது. அதில் மருதநாயகம் என அறியப்படும் யூசுப் கானும் இருந்தார். 1769இல் ஐதர் அலி இதே சுற்றுவட்டாரம் வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். கோட்டைக்குத் தெற்கிலுள்ள இந்த மேட்டைக் காவலின்றி விடக்கூடாது என்பதைக் கம்பெனி இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் உணர்ந்தது என்றே நான் கருதுகிறேன். பின்னர் மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் இங்கு அமைந்ததையும், பல்லாவரத்தில் சிப்பாய்களின் லைன்கள் (வரிசைக் குடியிருப்புகள்) எழுந்ததையும் அந்தப் பின்னணியில்தான் எழுதியிருக்கிறேன். பழுப்பேறிய தொகுதிகளைச் சலிக்காமல் எடுத்துத் தந்தவர்களுக்கு என் வணக்கம்.

ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தம் நில அளவைக்காகப் பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் நோக்கிச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்திற்கு அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான நேர்கோடு) அளந்ததை நான் முன்பே அறிவேன். ஆனால் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், படைகள் அணிவகுக்கும் திடலை ஒட்டிய சரளைக் குழியில், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததன் முழுப் பொருளை அவர்தாம் எனக்கு விளங்க வைத்தார். இந்தியத் தொல்லியலில் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்தே தொடங்கியது. இயற்கையாக உடைந்த கல்லையும் மனிதன் செதுக்கிய கல்லையும் அருகருகே வைத்து, விளிம்பில் சில்லுகள் பெயர்ந்துள்ள ஒழுங்கை அவர் காட்டிய பின்னரே அந்த இயலை எழுதும் துணிவு எனக்கு வந்தது. பட்டாளம் நடைபயின்ற மண்ணுக்கடியில் அத்தனை பழைய மனித வாழ்வு புதைந்திருந்தது என்ற செய்தியை நூலின் நடுவில் வைத்ததும் அவர் யோசனையே.

1962 சீனப் போருக்குப் பின் இராணுவ அதிகாரிகள் பெருமளவில் தேவைப்பட்டதால் 1963இல் இங்கு அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டதையும், அது 1988இல் அகாடமி எனப் பெயர் மாறியதையும், 1992 முதல் பெண்களும் அங்கு பயில்வதையும் எழுத வழிகாட்டியவர் ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர் ஐயா. 1972இல் அங்கு பயிற்சி முடித்து, 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்துப் பரம வீர சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரனின் பெயரை அந்த அணிவகுப்புத் திடல் தாங்கி நிற்கிறது. 2014 ஏப்ரலில் சோபியானில் வீழ்ந்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் அங்கு பயின்றவரே. இவ்விருவரைப் பற்றிய பக்கங்களை ஐயா இரண்டு முறை படித்து, மிகையான சொற்களை நீக்கச் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

லைன் தெருக்களிலும் கடைவீதியிலும் தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து வைத்த குடும்பத்தாரை எப்படி வணங்குவது? சீருடை தைத்தவர்கள், வெளுத்தவர்கள், பூட்ஸ் செப்பனிட்டவர்கள், மெஸ்ஸில் சமைத்தவர்கள், குதிரைக்குப் புல் கொண்டுவந்தவர்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அரசு ஆவணங்களில் இம்மக்கள் பெரும்பாலும் பெயரின்றியே வருகிறார்கள். ஓர் அம்மா, தம் பாட்டனாரின் மெஸ் சம்பளச் சீட்டைச் சாமி மாடத்திலிருந்து எடுத்துத் தந்து, "இதையும் போடுங்க தம்பி, அவரும் பட்டாளத்துலதான இருந்தாரு" என்றார். அந்தச் சீட்டு நூலில் முழுப்பக்கத்தில் இடம்பெறுகிறது. துப்பாக்கி ஏந்தியவர்களோடு இவர்களையும் சேர்த்து எண்ணாத எந்தப் பட்டாள வரலாறும் குறையுள்ளதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கல்லறைக் கல்வெட்டுகளைத் துடைத்துப் படிக்க உதவிய காரிசன் (படைத்தள) தேவாலயப் பணியாளருக்கும், பழைய வரைபடங்களைப் பார்க்க அனுமதித்த கண்டோன்மென்ட் அலுவலகத்தாருக்கும், பிழை திருத்திய தமிழாசிரியை அம்மையாருக்கும் என் நன்றி.

புகைப்படங்களும் சீட்டுகளும் தந்த ஒவ்வொரு வீட்டிற்கும் மூலங்களை நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பேன். உடன் நூலின் ஒரு படியும் வரும்.

நன்றியுடன்,
தொகுப்பாசிரியர்