டவரில் ஏற்றிவிட ஆள் இருக்கிறார்கள், இறக்கிவிட?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டவரிலிருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி என்று நாலு வரிச் செய்தி எப்போதாவது வருகிறது. ஏறச் சொன்னது யார், கீழே யார் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை.

எங்கள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் ஐடிஐ முடித்த பையன்கள் பலர் இந்த வேலைக்குப் போகிறார்கள். முதலில் செல்போன் டவர், கை பழகியதும் எஃப்.எம்., டிவி டவர். என் அக்கா மகனும் போகிறான். அவன் பெல்ட்டை வாங்கிப் பார்த்தேன். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட், தையல் விட்டு நூல் தொங்குகிறது, உப்புக்காற்றில் துருப்பிடித்து ஹூக்கின் நாக்கு தானாக மூடவே மாட்டேன் என்கிறது, கட்டைவிரலால் தள்ள வேண்டியிருக்கிறது. விழுந்தால் இந்த பெல்ட் ஆளைப் பிடித்தாலும் முதுகெலும்பையும் வயிற்றையும் நசுக்கிவிடும். தோள், தொடை எல்லாம் சேர்த்துக் கட்டும் பெல்ட்டும், ஒன்றைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியே இருக்கும்படி இரட்டை ஹூக்கும் வேண்டும். இதை வாங்கித் தர வேண்டியது யார் என்று கேட்டால், சப் கான்ட்ராக்டர் மேலே கை காட்டுகிறார், மேலே இருப்பவர் இன்னும் மேலே.

ஒலிபரப்பு டவரில் உயரம் மட்டும் ஆபத்து இல்லை. எஃப்.எம். ஆன்டெனா ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போனால் ரேடியோ அலை உடம்பை உள்ளே சூடாக்கும், தோலுக்கு உடனே உறைக்காது. மீடியம் வேவ் ரேடியோ என்றால் பல இடங்களில் டவரே ஆன்டெனா, முழுக் கம்பத்திலும் மின்சாரம் ஓடும். தரையில் நின்றபடி தொட்டாலே கை வெந்துவிடும். அப்படியிருந்தும் நிகழ்ச்சி, விளம்பரம் நிற்கக்கூடாது என்று நிலையத்தை நிறுத்தாமலோ, தூக்கம் கெட்ட நடுராத்திரியிலோ ஆளை ஏற்றுகிறார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. சரி, பெல்ட் பிடித்துவிட்டது, பையன் மயங்கி அந்தரத்தில் தொங்குகிறான், அப்புறம்? அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். தீயணைப்புத் துறையின் பெரிய ஏணி வண்டி எங்கள் சந்துகளில் திரும்பவே முடியாது. கயிறு போட்டு ஆளை இறக்கத் தெரிந்த இன்னொருவர் அங்கேயே இருந்தால்தான் உண்டு. அக்கா மகன் போகிற இடங்களில் அப்படி யாரும் இல்லை, கீழே நிற்பவர் சாமான் கட்டி அனுப்புகிற உதவியாள்.

1982-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் புது ஆன்டெனாவைத் தூக்கும்போது போல்ட்டுகள் உடைந்து, அது டவரை இழுத்துப் பிடிக்கும் கம்பியில் மோதி டவரே சரிந்தது, ரிக்கர்கள் (கயிறு கட்டிக் கனமான சாமானை மேலே தூக்கும் தொழிலாளர்கள்) இறந்தார்கள். தூக்குவதற்கு ரிக்கர்கள் போட்ட ஏற்பாட்டைப் பார்த்துச் சொல்லும்படி ஆன்டெனா செய்த கம்பெனியிடம் கேட்டிருந்தார்கள், பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. இங்கே நடப்பதும் அதே ஒதுங்கல்தான்.

1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே டவர் வேலையும் இருந்தது, 2025-ல் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் வருகிறது. ஆகவே தொழிலாளர் துறை கான்ட்ராக்டரோடு நிற்காமல் டவர் யாருடையதோ அவர்களிடமே கேட்க வேண்டும்: நிலையத்தை நிறுத்தியதற்குக் கையெழுத்து எங்கே, இன்று காற்று எவ்வளவு, மேலே மாட்டிக்கொண்டால் இறக்கப் போவது யார், அவர் பெயர் என்ன. பதில் இல்லாவிட்டால் அன்று யாரும் ஏறக்கூடாது. உங்கள் நிருபர்களும் அடுத்த செய்தியில் இதையே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை – 21