துண்டறிக்கையைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்பு நண்பா,

நலம். ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்ததற்கு நீ திட்டியது சரி, வாங்கிக்கொண்டேன். சங்கத்தின் பிரசாரச் செயலாளர் பொறுப்பு உன் தலையில் விழுந்ததாக நம் ஜிந்தாபாத் அண்ணன் சொன்னார். வாழ்த்துகள், அனுதாபமும்.

நீ அனுப்பிய துண்டறிக்கையைப் படித்தேன். பொய், பாதியில் நின்றுவிட்டேன். ஏ4 தாளின் இரண்டு பக்கமும் பொடி எழுத்து, 14 கோரிக்கைகள், முதல் பத்தி முழுக்க உலக நிலவரம். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது கடைசி வரியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே! கேட்டில் வாங்குகிறவன் மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் பார்ப்பான். அரைத் தாள் போதும். மேலே நாள், நேரம், இடம். கீழே ஒரே ஒரு கோரிக்கை. 'பஞ்சப்படியை உயர்த்து' என்றால் தலையாட்டிவிட்டுப் போவான். இப்போதைய சம்பளச் சீட்டையும் நாம் கேட்கும் சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடி, வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டுவான்.

கொடுக்கும் நேரத்திலும் சூட்சுமம் உண்டு. ஷிஃப்டுக்குள் போகிறவன் பஞ்ச் அடிக்கிற அவசரத்தில் மடித்துப் பையில் செருகுவான். அதனால் விளக்க நோட்டீஸை வெளியே வரும்போது கொடு. கூட்ட அறிவிப்பை மட்டும் உள்ளே போகும்போது கொடு. ஷிஃப்டு முடியும்வரை அதே பேச்சாக ஓடும்.

எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன் என்று பெருமையடித்திருக்கிறாய். 1024 பேருக்கு மேல் அது தாங்காது. தாங்கினாலும் காலை வணக்க ரோஜாக்களுக்கு நடுவே வேலைநிறுத்த அறிவிப்பு முங்கிப்போகும். அட்மின் மட்டும் பதிவிடும் குரூப் ஒன்று இருக்கட்டும், அரட்டையெல்லாம் துறைவாரிக் குரூப்பில். பிராட்காஸ்ட் போட்டால் உன் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவனுக்குத்தான் போய்ச் சேரும். சந்தா வாங்கும்போதே எண்ணைப் பதியவைத்துவிடு. எஸ்எம்எஸ் என்றால் தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக்கணக்கு. உன் பிரியமான 'புரட்சிகர வணக்கங்கள்' ஒன்றே 20 தின்றுவிடும்.

இதெல்லாம் சரிசெய்துவிடலாம். எனக்குப் பயம் வேறு இடத்தில். பேச்சுவார்த்தை நடக்கிற நாட்களில் தலைவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்களே, அங்கேதான் சங்கம் உடைகிறது. மூன்றாம் நாள் 'விலைபோய்விட்டார்கள்' என்று கேன்டீனில் பேச்சு கிளம்பும். நிர்வாகத்தின் சுற்றறிக்கை அதற்குள் பலகையில் ஏறியிருக்கும். ஒன்றும் முடியாத நாளிலும் அன்று மாலையே நான்கு வரி போடு: எதைப் பேசினோம், எதில் இசைந்தார்கள், எதில் இழுபறி, அடுத்த சுற்று எப்போது. எந்தத் தொகைவரை இறங்கிவருவோம் என்பதை மட்டும் எழுதாதே. அரை மணியில் ஸ்கிரீன்ஷாட் நிர்வாகத்தின் மேசையில் இருக்கும்.

பதினைந்து பேருக்கு ஒருவர் என்று தொடர்பாளர் போடு. கையில் நோட்டு இருக்கட்டும். கேட்ட கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும், மறுநாள் பதிலோடு வர வேண்டும். 'கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன்' என்பதும் பதில்தான், மறுபடி வந்து சொன்னால். கேள்வி திரும்பி வர வழி இல்லாத துண்டறிக்கை, நிர்வாகச் சுற்றறிக்கைக்குச் சிவப்பு மை பூசியதுதான்.

பொதுமக்களுக்கு எழுதும்போது முதல் வரி அவர்களுடையது: எது நிற்கும், எது ஓடும், எப்போதிலிருந்து எப்போதுவரை. நம் நியாயம் அதற்குப் பிறகு. பத்திரிகைக் குறிப்பு ஒரே பக்கம், பேச ஒரே ஆள். வேலைநிறுத்தத்தில் 90 சதவீதம் பேர் என்று ஒரு தலைவர் சொல்லி, இன்னொருவர் 70 என்றால் அந்தக் குளறுபடிதான் மறுநாள் செய்தி.

கடைசியாக, சிரிக்காமல் படி. 1886 மே 4, சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்துக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் துண்டறிக்கை போட்டார்கள். ஆயுதத்தோடு வரச்சொல்லும் ஒரு வரி அதில் இருந்தது. அதை எடுத்தால்தான் பேசுவேன் என்று தொழிலாளர் தலைவர் ஆகஸ்ட் ஸ்பைஸ் நின்றார். எடுத்தார்கள். ஆனால் அதற்குள் சில நூறு பிரதிகள் அச்சாகியிருந்தன. கூட்டத்தில் யாரோ குண்டு வீசிப் போலீஸார் செத்த வழக்கில் அந்த வரி சாட்சியமாக வந்தது. 1887 நவம்பர் 11 அன்று ஸ்பைஸைத் தூக்கிலிட்டார்கள்.

உன் இரண்டாம் பக்கத்தில், கருங்காலிகள் கைகாலோடு வீடு திரும்ப மாட்டார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். அச்சகத்துக்குப் போகவில்லை என்றால் சாவகாசமாகப் போன் செய். போய்விட்டது என்றால் இந்த நிமிடமே செய்.

உன்
பழைய பிழைதிருத்தி